பாறையாக நின்ற உடல்: வர்ஜீனியா வுல்ஃபின் திருமணம், ஒரு நிகழ்வு ஆய்வு

1912 மே 1ஆம் தேதி, முப்பது வயதுப் பெண் ஒருவர், தன்னை மணந்துகொள்ளக் கேட்டுக் காத்திருந்த ஆணுக்குக் கடிதம் எழுதுகிறார். உங்கள்மேல் எனக்கு உடல் ஈர்ப்பு இல்லை, அன்றைக்கு நீங்கள் முத்தமிட்டபோதுகூட நான் பாறையைப் போலத்தான் இருந்தேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். அதே மூச்சில், என்மேல் நீங்கள் வைத்திருக்கும் அன்பு என்னைத் திணறடிக்கிறது என்றும் சொல்கிறார். எழுதியவர் வர்ஜீனியா ஸ்டீஃபன், பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃப் என்று பெயர்பெற்ற ஆங்கில நாவலாசிரியர். கடிதம் போய்ச் சேர்ந்தது லியனார்ட் வுல்ஃபுக்கு. இலங்கையில் பிரிட்டிஷ் நிர்வாக அதிகாரியாக வேலை பார்த்துவிட்டு விடுப்பில் லண்டன் வந்திருந்தவர் அவர். மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 10 அன்று, லண்டன் செயின்ட் பான்க்ரஸ் பதிவு அலுவலகத்தில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். 1941இல் வர்ஜீனியா இறக்கும்வரை அந்தத் திருமணம் நிலைத்தது.

சிறுவயதுக் காயம் பெரியவர்களின் நெருக்கத்தை எப்படிப் பாதிக்கிறது என்று பேச இந்தத் திருமணத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இன்று வாழும் ஒருவருடைய கதையை எழுதினால், பெயரை மாற்றினாலும் ஊரில் நாலு பேருக்கு ஆள் தெரிந்துவிடும். வர்ஜீனியா தன் கதையைத் தானே எழுதி வைத்தவர். நாட்குறிப்பு, ஆயிரக்கணக்கான கடிதங்கள், நண்பர்கள் குழுவில் வாசித்த கட்டுரைகள், கடைசி இரண்டு ஆண்டுகளில் எழுதிய நினைவுக்குறிப்பு எல்லாம் அச்சில் இருக்கின்றன. கணவர், அக்கா, காதலி ஆகியோரின் பக்கமும் எழுத்தில் கிடைக்கிறது. ஒரு தம்பதியின் அந்தரங்கத்தைப் பல கோணங்களிலிருந்து பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வம்.

அந்த வீடு

லண்டனில் ஹைட் பார்க் கேட், 22ஆம் எண் வீடு. வர்ஜீனியா 1882 ஜனவரி 25இல் பிறந்தது இங்கேதான். அப்பா லெஸ்லி ஸ்டீஃபன், பெரிய அறிஞர், பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதிக்கு முதல் பதிப்பாசிரியர். அம்மா ஜூலியா, கல்கத்தாவில் பிறந்தவர். இருவருக்குமே இது இரண்டாவது திருமணம். ஜூலியாவின் முதல் கணவர் வழியில் ஜார்ஜ், ஸ்டெல்லா, ஜெரால்ட். லெஸ்லியின் முதல் மனைவி வழியில் லாரா. பிறகு இவர்களுக்குப் பிறந்த வனெசா, தோபி, வர்ஜீனியா, ஏட்ரியன். எட்டுப் பிள்ளைகள், வேலைக்காரர்கள், வந்துபோகும் உறவினர்கள். வெளியிலிருந்து பார்த்தால் கலகலப்பான வீடு.

கோடைக்காலத்தில் குடும்பமே கார்ன்வால் கடற்கரையில் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் இருந்த டாலண்ட் ஹவுஸ் என்ற வீட்டுக்குப் போகும். அங்கே சாப்பாட்டு அறைக்கு வெளியே, பாத்திரங்களை வைக்க ஒரு மேடை இருந்தது. வர்ஜீனியாவுக்கு அப்போது ஆறு வயது இருக்கலாம். ஜெரால்டுக்குப் பதினேழு, பதினெட்டு. அவர் அந்தக் குழந்தையைத் தூக்கி மேடைமேல் உட்காரவைத்து, ஆடைக்குள் கையை விட்டார். கை கீழே கீழே போனதும், நிறுத்திவிட மாட்டாரா என்று தான் வேண்டிக்கொண்டதும், உடம்பை விறைப்பாக்கிக்கொண்டு நெளிந்ததும் ஐம்பது வருடத்துக்குப் பிறகு அவருக்கு வரிசையாக நினைவிருந்தன. அந்த உணர்ச்சிக்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் தெரியவில்லை. வெறுப்பு, கோபம், அப்புறம் ஏதோ ஒன்று என்று தடுமாறி எழுதுகிறார்.

அதே பக்கங்களில் இன்னொரு விஷயமும் வருகிறது. டாலண்ட் ஹவுஸ் கூடத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. குதிகாலை உயர்த்தி நின்றால் அதில் தன் முகம் தெரியும். யாரும் இல்லாதபோது மட்டுமே பார்ப்பாராம். பார்த்ததும் வெட்கமும் குற்ற உணர்வும் வரும். புதிதாகத் தைத்த உடையை அளவு பார்க்க நிற்பதும், புது உடையில் ஓர் அறைக்குள் நுழைவதும் வயதான பிறகும் பயம் தந்தன. இந்தக் கண்ணாடி வெட்கத்தை விளக்கத்தான் ஜெரால்ட் சம்பவத்தையே அவர் நினைவுக்குக் கொண்டுவருகிறார். நான் திரும்பத் திரும்பப் படித்த வரி இதற்குப் பக்கத்தில் இருக்கிறது: பரவசத்தை, பெரும் மகிழ்ச்சியைக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் தன்னால் உணர முடியும், ஆனால் அது தன் உடம்போடு சம்பந்தப்படாமல் இருக்க வேண்டும் என்கிறார். இந்த ஆய்வுக்கு மையம் இந்த வரிதான். அன்பும் ஆனந்தமும் அவருக்குள் இருந்தன, நிறையவே இருந்தன. உடம்பு மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராமல் தள்ளி நின்றது.

அம்மா எங்கே இருந்தார் என்ற கேள்வி வரும். ஜூலியா அன்பானவர், ஆனால் ஊரில் உள்ள நோயாளிகளுக்கெல்லாம் பணிவிடை செய்யப் போய்விடுபவர். அம்மாவோடு சில நிமிடங்களுக்கு மேல் தனியாக இருந்த நினைவே இல்லை என்று மகள் எழுதுகிறார். 1895 மே 5இல் ஜூலியா இறந்துபோனார். வர்ஜீனியாவுக்குப் பதின்மூன்று வயது. அம்மாவின் உடலருகே நின்றபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று எழுதுகிறார். அந்த வருடம்தான் மனம் முதல்முறை நொறுங்கியது. அம்மா இடத்துக்கு வந்த ஸ்டெல்லா 1897 ஏப்ரலில் திருமணமாகி ஜூலையில் இறந்தார். இரண்டு வருடத்தில் இரண்டு தாய்களை இழந்த மாதிரி. அப்புறம் வீட்டில் அப்பாவின் துக்கமும் கோபமும்தான். புதன்கிழமைதோறும் வீட்டுச் செலவுக் கணக்கை வனெசா கொண்டுவந்து வைக்கும்போது லெஸ்லி கத்துவார், நெஞ்சில் அடித்துக்கொள்வார். ஆண் நண்பர்கள் முன்னால் அப்படி ஒருநாளும் செய்யமாட்டார், பெண்கள் முன்னால் மட்டும் அது நடக்கும் என்பதை வர்ஜீனியா கவனித்து எழுதியிருக்கிறார்.

இந்த வெற்றிடத்தில்தான் மூத்த அண்ணன் ஜார்ஜ் காவலராக நுழைகிறார். பரிசு வாங்கித் தருவார், விருந்துகளுக்கு அழைத்துப் போவார், எல்லோர் எதிரிலும் கட்டிப்பிடிப்பார். இரவில் தங்கையின் அறைக்கு வந்து, விளக்கைப் போடாதே, பயப்படாதே என்று சொல்லிப் படுக்கையில் விழுந்து அணைத்துக்கொள்வார். எதுவரை போயிற்று என்பது தெளிவாக இல்லை, ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஸ்டீஃபன் வீட்டுப் பெண்களுக்கு ஜார்ஜ் அப்பா, அம்மா, அண்ணன் மட்டுமல்ல, காதலனாகவும் இருந்தார் என்று வர்ஜீனியாவே நண்பர்கள் நடுவில் படித்துக் காட்டினார். இதற்குமேல் நமக்கு என்ன வேண்டும்?

யாரிடம் சொன்னார், அவர்கள் என்ன செய்தார்கள்

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் நேரே படுக்கையறைக்குப் போய்விடும். நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். அத்துமீறல் எவ்வளவு ஆழமாகக் கீறுகிறது என்பது, அதைக் கேட்ட காதுகள் எப்படி நடந்துகொண்டன என்பதைப் பெரிதும் பொறுத்தது.

1904இல் அப்பா இறந்த பிறகு வர்ஜீனியா மறுபடி நொறுங்கி ஜன்னலிலிருந்து குதித்தார். அந்தக் காலத்தில் ஜார்ஜின் நடத்தை, குடும்ப நண்பரான மனநல மருத்துவர் சாவேஜின் காதுக்கு எட்டியது. கேட்டபோது, அப்பாவின் நோயால் வாடியிருந்தவளை ஆறுதல்படுத்தினேன் என்று ஜார்ஜ் சொன்னதாக வர்ஜீனியா எழுதுகிறார். அதோடு விஷயம் முடிந்தது. சிகிச்சை என்று கிடைத்தது ஓய்வு, பால், நிறையச் சாப்பாடு, எழுதத் தடை. அந்தக் காலத்து மருத்துவத்துக்கு இதைக் கேட்கவே தெரியவில்லை. வியன்னாவில் ஃப்ராய்ட் 1896இல் சிறுவயதுப் பாலியல் அத்துமீறல்தான் பல பெண்களின் மன நோய்க்கு வேர் என்று மருத்துவர்கள் கூட்டத்தில் சொன்னார். 1897 செப்டம்பரில், அதை இனி நம்பவில்லை என்று நண்பருக்குக் கடிதம் எழுதிப் பின்வாங்கினார். ஹைட் பார்க் கேட் வீட்டில் ஸ்டெல்லா இறந்து இரண்டே மாதம் ஆகியிருந்த சமயம் அது.

1911இல் வர்ஜீனியா தன் கிரேக்க ஆசிரியை ஜேனட் கேஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். கேஸ் கையில் லேஸ் பின்னிக்கொண்டிருந்தார். படுக்கையறைச் சங்கதி வந்ததும் லேஸ் கையிலிருந்து நழுவி விழுந்தது, வாயடைத்துப் போனார், இரவு படுக்கப் போகும்போது குமட்டுகிறது என்றார். அந்த உரையாடலில் இன்னொன்றும் வெளிவந்தது. பாடம் நடக்கும்போதே ஜார்ஜ் உள்ளே வந்து மாணவியைத் தடவிக் கொஞ்சுவதைக் கேஸ் அப்போதே பார்த்திருக்கிறார், 'சீ' என்று அருவருத்திருக்கிறார். பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவந்தது பல வருடம் கழித்து.

அப்புறம் 1920களின் தொடக்கத்தில், நண்பர்களின் நினைவுக் குழுவில் இதையே சிரிக்கச் சிரிக்க வாசித்தார். கேலியாகச் சொன்னால்தான் சபை தாங்கும். ஜெரால்ட் செய்தது வெளியே வர இன்னும் நெடுநாள் ஆனது. 1941 ஜனவரியில் இசையமைப்பாளர் எதல் ஸ்மித்துக்கு எழுதிய கடிதத்தில், அண்ணன் தன்னை அந்த மேடைமேல் நிறுத்தியதை நினைத்தால் இப்போதும் வெட்கத்தில் உடம்பு நடுங்குகிறது என்றார். வயது ஐம்பத்தெட்டு முடிந்துகொண்டிருந்தது. வெட்கப்பட வேண்டியவர் ஜெரால்ட். ஆனால் வெட்கம் போய்ச் சேர்ந்தது குழந்தையிடம், அங்கேயே தங்கிவிட்டது. 1915இல் வர்ஜீனியாவின் முதல் நாவலை வெளியிட்டது ஜெரால்ட் நடத்திய பதிப்பகம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். குடும்பம் என்றால் இப்படித்தான்; தொட்ட கையிடமே கையெழுத்துப் பிரதியைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

திருமணமும் படுக்கையறையும்

லியனார்டுக்கு முன்னால் நெருங்கிவந்தவர்கள் பலர். எழுத்தாளர் நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சி 1909 பிப்ரவரியில் மணந்துகொள்ளக் கேட்டார், வர்ஜீனியா சரி என்றார், ஸ்ட்ரேச்சியே பயந்து பின்வாங்கினார். ஸ்ட்ரேச்சி ஆண்களை நேசித்தவர். உடம்பைக் கேட்காத ஆணிடம் சட்டென்று சரி சொல்ல முடிந்தது என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவின் கணவர் கிளைவ் பெல்லோடு ஒரு நீண்ட கண்ணாமூச்சி ஆட்டமும் நடந்தது. ஆசைப்படப்படுவது பிடித்தது, அதற்குமேல் நகரவில்லை.

லியனார்டுக்கு எழுதிய கடிதம் இந்த வரிசையில் புதிது. தன் உடம்பில் என்ன நடக்கிறது, என்ன நடக்கவில்லை என்பதை முதல்முறையாக ஓர் ஆணிடம், அவன் முகத்துக்கு நேரே, கேலி கலக்காமல் சொல்கிறார். சொன்ன பிறகும் அந்த ஆள் விலகவில்லை. சிறுவயதில் நின்றுவிடு என்று மனசுக்குள் கெஞ்சிய குழந்தைக்கு, வாய்விட்டுச் சொல்லலாம், சொன்னாலும் அன்பு போகாது என்பது முப்பது வயதில் கிடைத்த அனுபவம். அந்தத் திருமணம் நின்றது இந்த அஸ்திவாரத்தின்மேல்தான் என்பது என் முடிவு.

ஆனால் அஸ்திவாரம் பலமாக இருந்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. தேனிலவுக்கு பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி போனார்கள். செப்டம்பரில் ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில், திருமணத்தையும் உடலுறவையும் பற்றி ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள், உச்சம் என்பது ரொம்ப மிகைப்படுத்தப்பட்டது என்கிறார். திரும்பி வந்ததும் தம்பதி இருவரும் வனெசாவிடம் போய் ஆலோசனை கேட்டார்கள். வனெசா அதைத் தன் கணவருக்குக் கடிதமாக எழுதினார்: தங்கைக்கு அந்தச் செயலில் இன்பமே இல்லையாம், விசித்திரமாக இருக்கிறது, ஆணின் காமத்தை அவள் என்றைக்கும் புரிந்துகொண்டதில்லை என்று நான் சொன்னேன், அது அவளுக்கு எரிச்சலையும் அவருக்கு ஆறுதலையும் தந்திருக்கலாம். தங்கையின் 'குளிர்ச்சி' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார். அந்தப் பெயர் பல பத்தாண்டுகள் ஒட்டிக்கொண்டது. வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள்கூட அதை அவருடைய சுபாவம் போல எழுதினார்கள்.

ஆறு வயதில் விறைத்துக்கொண்ட உடம்பு, முப்பது வயதில் பாறையான உடம்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒரே எதிர்வினை. ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்ற நிலையில் உடம்பு உறைந்துபோகும். அது யோசித்து எடுக்கும் முடிவு அல்ல, நரம்பு மண்டலம் தானாகச் செய்வது. அந்த நேரத்தில் அது காப்பாற்றுகிறது. சிக்கல் என்னவென்றால், பல வருடம் கழித்து, நம்பிக்கையான ஒருவர் அன்போடு தொட்டாலும் உடம்பு பழைய பாடத்தையே ஒப்பிக்கும். கணவன் என்ன நினைப்பான்? என்னைப் பிடிக்கவில்லை என்று. மனைவி என்ன நினைப்பாள்? எனக்குள் ஏதோ குறை என்று. இரண்டுமே தவறு. ஆனால் எடுத்துச் சொல்ல மூன்றாம் ஆள் இல்லையென்றால் அந்தத் தவறு நிரந்தரமாகிவிடும்.

1913 செப்டம்பர் 9இல் வர்ஜீனியா அளவுக்கு மீறி வெரோனால் தூக்க மருந்தைச் சாப்பிட்டார், உயிர் பிழைத்தது பெரிய விஷயம். 1915இல் மறுபடி கடுமையான நோய். அந்தக் காலத்தோடு தாம்பத்திய உறவு ஏறக்குறைய நின்றுபோனதாகத்தான் தெரிகிறது. குழந்தை வேண்டாம் என்ற முடிவும் அந்த ஆண்டுகளில்தான் எடுக்கப்பட்டது. சாவேஜ் குழந்தை பெற்றுக்கொள்வது நல்லது என்றார். லியனார்ட் வேறு மருத்துவர்களிடமும் கேட்டு, வேண்டாம் என்று தீர்மானித்தார். 1926 செப்டம்பர் நாட்குறிப்பில் வர்ஜீனியா எழுதுகிறார்: நான் மட்டும் இன்னும் கொஞ்சம் மனக்கட்டுப்பாட்டோடு இருந்திருந்தால் பன்னிரண்டு வயதில் ஒரு பையனும் பத்து வயதில் ஒரு பெண்ணும் இருந்திருப்பார்கள். விடியற்காலை விழிப்புகளில் இந்த நினைப்பு அவரைக் கிளறிக்கொண்டே இருந்தது. நோய் வந்தது தன் கட்டுப்பாடின்மையால் என்று நாற்பத்து நான்கு வயதிலும் நம்புகிறார். சிறுவயதில் காயப்பட்டவர்களிடம் இந்தச் சுயபழி அடிக்கடி தென்படும். தன்னைக் காக்க வேண்டியவர்கள் கெட்டவர்கள் என்று நம்புவதைவிட, தப்பு தன்னுடையது என்று நம்புவது ஒரு குழந்தைக்கு எளிது. பெரியவர்களை நம்பித்தானே அது உயிர்வாழ வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரைட் 1990களில் இந்த நம்பிக்கைத் துரோகத்தைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். சார்ந்திருக்கும் ஒருவரே காயப்படுத்தும்போது, உறவைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மனம் அந்தக் காயத்தைப் பாராமல் விடக் கற்றுக்கொள்கிறது என்பது அவர் சொன்னது. 1934இல் ஜார்ஜ் இறந்தபோது வர்ஜீனியாவின் நாட்குறிப்பில் வருவது அவர் கொடுத்த பரிசுகளும், வெளியே அழைத்துப் போன மகிழ்ச்சியான நாட்களும்தான். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. காயப்படுத்தியவர்தான் கொஞ்சியவரும் என்றால் நினைவு இரண்டாகத்தான் இருக்கும்.

வீட்டா

1922 டிசம்பரில் வீட்டா சாக்வில்-வெஸ்ட் என்ற எழுத்தாளரை வர்ஜீனியா சந்தித்தார். மூன்று வருடம் கழித்து அது காதலானது. 1925 டிசம்பர் நாட்குறிப்பில் வீட்டாவின் கம்பீரத்தை, உடலழகை, முழுமையான பெண்மையை வியந்துவிட்டு, அவள் எனக்கு ஒரு தாயின் அரவணைப்பைத் தாராளமாகத் தருகிறாள், எல்லோரிடமும் நான் எப்போதும் எதிர்பார்த்தது அதைத்தான் என்று எழுதுகிறார். அடுத்த ஆண்டு வீட்டா தன் கணவருக்கு எழுதியது: அவளிடம் உடல் உணர்ச்சியைக் கிளறிவிட எனக்குப் பயமாக இருக்கிறது, அந்தப் பைத்தியம் வந்துவிடுமோ என்று, இரண்டு தடவை படுக்கைக்குப் போனோம், அவ்வளவுதான்.

ஆக, உடம்பு முழுக்க மூடிக்கிடக்கவில்லை. தாய்மையின் பாதுகாப்பு இருந்த இடத்தில் கதவு கொஞ்சம் திறந்தது. அதே சமயம், நேசிக்கிறவர்கள் எல்லோருமே அவரை உடைந்துவிடும் பொருளாகப் பார்த்தார்கள். வீட்டா பயந்தார், லியனார்ட் பயந்தார். பயத்தோடு தொடும் கைகளுக்கு நடுவில் ஆசை வளர்வது கடினம். காயப்பட்டவரின் துணைவர்கள் இன்றும் சறுக்கும் இடம் இது. அவரைக் கேட்காமலே அவருக்காக முடிவெடுத்துவிடுவார்கள். அதற்கு அக்கறை என்று பெயர் இருக்கும்.

வேறு காரணம் இருக்கலாமே

இருக்கலாம். வர்ஜீனியாவுக்கு இன்று இருதுருவ மனநோய் என்று சொல்லக்கூடிய நோய் இருந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். குடும்பத்திலும் மனநோய் இருந்தது. பெண்களிடம்தான் அவருக்கு ஆழ்ந்த ஈர்ப்பு, ஆகவே ஓர் ஆணிடம் பாறையாக இருந்ததில் காயத்தைத் தேடுவது ஏன் என்று கேட்கிறவர்கள் கேட்பது நியாயம். பெண்ணுக்கு உடல் பற்றி ஒன்றுமே சொல்லித்தராத விக்டோரிய வளர்ப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1989இல் லூயிஸ் டிசால்வோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வர்ஜீனியாவின் வாழ்வையும் எழுத்தையும் சிறுவயது அத்துமீறல் வழியாகவே படித்தபோது, எல்லாவற்றையும் ஒரே காரணத்துக்குள் அடக்குகிறார் என்ற எதிர்ப்பும் கிளம்பியது.

என் பார்வையில், இந்தக் காரணங்கள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. நோய்க்கு உடல் காரணம் இருந்திருக்கும். பெண்களை நேசித்தது காயத்தின் விளைவு அல்ல, அவருடைய இயல்பு. ஆனால் கண்ணாடி முன் வெட்கம், உடை மாற்றும்போது பயம், உடம்பில்லாத பரவசம், நடுங்கவைக்கும் அந்த நினைவு ஆகியவற்றை நோயோ ஈர்ப்போ விளக்கவில்லை. அவற்றுக்கு அவரே ஒரு விளக்கம் தந்திருக்கிறார். அதை நான் முதலில் நம்புகிறேன்.

1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்கள் சிறுவயதுத் துன்பங்களைப் பட்டியலிட்டு, அவை பெரியவயது உடல்நலத்தோடு எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று வெளியிட்டார்கள். இரண்டு கட்டமாக 17,000 பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வு. துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பாதிப்பும் கூடியது. பயனுள்ள வேலைதான். ஆனால் வழக்கமாகப் பயன்படும் அந்தப் பத்துக் கேள்விகளில் பெற்றோரின் மரணம் தனியாகக் கேட்கப்படவில்லை. வர்ஜீனியாவைப் பொறுத்தவரை அது பெரிய ஓட்டை. அம்மாவின் குரல் நாற்பத்து நான்கு வயதுவரை காதில் கேட்டுக்கொண்டே இருந்ததாகவும், அம்மாவை நாவலில் எழுதி முடித்த பிறகு அது நின்றதாகவும் சொல்கிறார்; உளப்பகுப்பாய்வாளர்கள் நோயாளிகளுக்குச் செய்வதைத் தனக்குத் தானே செய்துகொண்டேன் போலிருக்கிறது என்றும் எழுதுகிறார். 1987இல் ஹேசன், ஷேவர் என்ற உளவியலாளர்கள் இருவரும் காதல் உறவையும் குழந்தைப் பருவப் பிணைப்பின் தொடர்ச்சியாகப் பார்க்கலாம் என்று காட்டினார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால் வர்ஜீனியா தேடியது எது என்பது புரியும்: போய்விடாத ஓர் ஆள்.

லியனார்ட்

இவரைப் பற்றி இரண்டு கட்சிகள். மனைவியைக் காப்பாற்றிய புனிதர் என்று ஒன்று, கட்டிப்போட்ட காவலர் என்று ஒன்று. எனக்கு இரண்டிலும் முழு உடன்பாடு இல்லை. அவரும் பதினொரு வயதில் அப்பாவை இழந்தவர். குடும்பம் வசதியிலிருந்து சட்டென்று சரிந்தது. 1905 முதல் யாழ்ப்பாணத்திலும், பிறகு கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் வேலை பார்த்தார். தமிழும் சிங்களமும் படித்தார். நம் எழுத்து இந்தக் கதைக்குள் வருவது எதிர்பாராத வழியில். மனைவி நோயுற்றபோது அவருடைய அன்றாட நிலையை லியனார்ட் தன் நாட்குறிப்பில் குறித்துவைத்தார், யாரும் படித்துவிடாமல் இருக்கத் தமிழ், சிங்கள எழுத்துகளைக் கொண்டு ஒரு ரகசியக் குறியீட்டில். தூங்கினாரா, சாப்பிட்டாரா, மனநிலை எப்படி என்று நாளுக்கு நாள். அவ்வளவு உன்னிப்பான அன்பு அது. ஆனால் மனைவியே படிக்க முடியாத எழுத்தில் மனைவியைப் பற்றிய குறிப்பு.

அவர் விட்டுக்கொடுத்தது சாதாரணமானதல்ல. உடலுறவும் குழந்தையும் இல்லாத திருமணத்தை முப்பத்தைந்து வயதுக்குள் ஏற்றுக்கொண்டார். தனித்தனிப் படுக்கையறை. ஆனாலும் அது வறண்ட வீடாக இருக்கவில்லை. ஒருவருக்கொருவர் விலங்குப் பெயர் வைத்துக் கொஞ்சிக்கொண்டார்கள், லியனார்ட் கீரிப்பிள்ளை, வர்ஜீனியா மாண்ட்ரில் குரங்கு. 1917இல் ஒரு கை அச்சு இயந்திரம் வாங்கிப் பதிப்பகம் தொடங்கினார்கள். சேர்ந்து எழுத்துக் கோத்து, சேர்ந்து அச்சடித்து, சேர்ந்து கட்டினார்கள். மையிட்ட கைகளோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்பதும் நெருக்கம்தான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. அந்த நெருக்கம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 1937 அக்டோபர் நாட்குறிப்பு சாட்சி. பாரிஸ் போக நினைத்த வர்ஜீனியா, நீ இல்லாமல் இருக்கப் பிடிக்கவில்லை என்று லியனார்ட் சொன்னதும் பயணத்தை விட்டுவிட்டார். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் பிரிந்திருக்க முடியவில்லை என்று இருவரும் சதுக்கத்தைச் சுற்றிக் காதல் பேசி நடந்தார்கள். ஒருவருக்கு நான் வேண்டும் என்பதே எவ்வளவு இன்பம் என்று எழுதினார் அந்தப் பாறை.

இன்றைக்கு இந்தத் தம்பதி ஒரு ஆலோசகரிடம் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலில் இருவரையும் உட்காரவைத்து, பாறையாவது நிராகரிப்பு அல்ல என்று சொல்லியிருப்பார்கள். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற பாலியல் ஆய்வாளர்கள் இருவரும் 1970இல் வெளியிட்ட முறையில், தொடக்கத்தில் உடலுறவே கூடாது என்று விலக்கிவைத்து, எதையும் சாதிக்கத் தேவையில்லாத தொடுதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். எந்த நொடியும் போதும் என்று சொல்லலாம், சொன்னால் கை நிற்கும். மேடைமேல் இருந்த குழந்தைக்குக் கிடைக்காதது அதுதான். அப்படிச் செய்திருந்தால் எல்லாம் மாறியிருக்குமா என்றால், உடலுறவு வந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். குற்ற உணர்வு குறைந்திருக்கும் என்று மட்டும் நம்புகிறேன்.

1941 மார்ச் 28இல் வர்ஜீனியா ரோட்மெல் கிராமத்து வீட்டருகே ஊஸ் ஆற்றில் இறங்கி உயிரை விட்டார். போர், குண்டுவீச்சு, மறுபடி நோய் வருகிறது என்ற அச்சம். அந்த முடிவைச் சிறுவயதுச் சம்பவத்தோடு முடிச்சுப் போட எனக்கு மனமில்லை, ஆதாரமும் இல்லை. விட்டுச்சென்ற கடிதத்தில் லியனார்டுக்குச் சொன்னது, நம்மைவிட மகிழ்ச்சியாக இரண்டு பேர் இருந்திருக்க முடியாது என்று.

அக்கா

வனெசாவும் அதே வீட்டில் வளர்ந்தவர். ஜார்ஜின் அணைப்பு அவருக்கும் இருந்தது, அப்பாவின் புதன்கிழமைகளை நேரில் தாங்கியதும் அவர்தான். ஆனால் அவர் உடலைக் கொண்டாடிய பெண். திருமணம், காதலர்கள், மூன்று குழந்தைகள். ஒரே வீடு இரண்டு பெண்களை இரண்டு விதமாக ஆக்கியது. ஆகவே இன்ன காயத்துக்கு இன்ன விளைவு என்று வாய்ப்பாடு போட முடியாது.

இருந்தாலும் வனெசாவின் கதையில் ஒன்று என்னை விடவில்லை. பிற்பாதி வாழ்க்கையை அவர் ஓவியர் டங்கன் கிரான்ட்டோடு கழித்தார். டங்கன் ஆண்களை நேசித்தவர். அவர்களுக்கு ஒரு மகள் பிறந்த பிறகு உடலுறவு இல்லை, வனெசா அதைப் பற்றி வாய் திறக்காமல் நாற்பது வருடம் பக்கத்திலேயே இருந்தார். 1918 கிறிஸ்துமஸ் நாளில் பிறந்த அந்த மகள் ஏஞ்சலிகாவிடம், உன் அப்பா கிளைவ் பெல் என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். வீட்டுக்கு வந்துபோகும் எல்லோருக்கும் உண்மை தெரியும், குழந்தைக்குத் தெரியாது. பதினெட்டு வயதை ஒட்டித்தான் அம்மா சொன்னார். 1942இல் ஏஞ்சலிகா டேவிட் கார்னெட் என்பவரை மணந்தார். அவர் ஒரு காலத்தில் டங்கனின் காதலராக இருந்தவர். தெரிந்த பெரியவர்கள் யாரும் அந்தப் பெண்ணை உட்காரவைத்துச் சொல்லவில்லை. இந்த மௌனம் தன்னை என்ன செய்தது, யாரையும் நம்பி நெருங்க எவ்வளவு கடினமாக்கியது என்பதை 1984இல், அறுபத்தைந்து வயதில், ஏஞ்சலிகாவே எழுதி வெளியிட்டார். ஹைட் பார்க் கேட் வீட்டில் பேசாமல் விட்டது இரண்டு தலைமுறை தாண்டித்தான் வாய்விட்டுப் பேசப்பட்டது.